திரும்பி வந்த டேப்

அமராவதிக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது கிளிநொச்சியில் எல்லோருக்கும் தெரியும். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு அவள் சொல்லியும் பார்த்தாள்.

"கிணறுகளில தண்ணி எவ்வளவு ஆழத்தில நிக்குது எண்டு கொம்பியூட்டரில பதியிறனான்."

கேட்டவர்கள் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். "ரைப்பிஸ்ற் எண்டு சொல்லும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, முப்பத்தைந்து வயது இருக்குமா, சீதனப் பிரச்சினையா என்று தங்களுக்குப் பிடித்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்துவிடுவாள். சைக்கிள் பழகியதில் அவளுக்குக் கிடைத்த பெரிய ஆதாயம் அதுதான்.

வன்னி முழுவதும் நிலத்தடித் தண்ணீரை ஆராய வெளிநாட்டுக் காசில் ஒரு திட்டம் வந்திருந்தது. வவுனியாவில் பெரிய கந்தோர், கிளிநொச்சியில் கிளைக் கந்தோர். இரண்டிலும் ஒவ்வொரு கொம்பியூட்டர். வந்த புதிதில் கிளைக் கந்தோரில் கதிரை பிடிக்கச் சண்டை நடந்தது. பிறகு நாடு கெடத் தொடங்கியது. பொறியியலாளர் கொழும்புக்கு மாற்றம் எடுத்தார். நில அளவைக்காரர் ஜெர்மனிக்குப் போனார். கிளாக்கர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போனார். அவர் எங்கே போயிருப்பார் என்று எல்லோருக்கும் தெரிந்ததால் ஒருவரும் கேட்கவில்லை. எண்பத்தாறாம் ஆண்டு பிறந்தபோது கந்தோரில் மிஞ்சியது எட்டுக் கதிரையும் அமராவதியும்தான்.

போக இடம் இருந்திருந்தால் அவளும் போயிருப்பாள். எழுபத்தேழு கலவரத்தில் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து, தாயோடும் தமையன் சங்கிலியோடும் உடுத்த துணியோடு வவுனியாவுக்கு ஓடி வந்தவள் அவள். சங்கிலி இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துத் தலைமன்னாரில் கப்பலேறினான். முதல் வருடம் கடிதம் போட்டான். பிறகு அவனுக்கும் குடும்பம், குட்டி. தாய் செட்டிகுளத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். தட்டெழுத்துப் படித்திருந்ததால் அமராவதிக்கு இந்த வேலை கிடைத்தது. இப்போது வீரம்மா என்ற தூரத்து உறவுக்காரியின் வீட்டுப் பின்னறையில் ஒரு அடுப்பும் ஒரு பாயுமாக இருந்தாள். காலையில் அவள் பூட்டிவிட்டுப் போன அறை, மாலையில் திறக்கும்போதும் அப்படியே இருக்கும். அது அவளுக்குச் சில நாட்களில் தாங்க முடியாமல் இருந்தது.

வேலையில் முக்கியமான நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் வாரத்துக் கோப்புகளை எல்லாம் டேப்பில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்ப வேண்டும். டேப் என்றால் பாட்டுக் கசெற் இல்லை. ஒரு தடித்த புத்தகம் அளவில், அடியில் தகடு பொருத்திய பெட்டி. அதை இயந்திரத்தின் வாயில் தள்ளிவிட்டு, பச்சை எழுத்து மினுங்கும் திரையில் 'டார்' என்று கட்டளை அடிக்க வேண்டும். டாருக்குப் பக்கத்தில் போடும் எழுத்தில்தான் காரியம் இருக்கிறது. ஓர் எழுத்துப் போட்டால் டேப்பில் முதலிலிருந்து புதிதாக எழுதும். முன்பு அதில் இருந்தது அழிந்தே போகும். வேறோர் எழுத்துப் போட்டால் டேப்பில் உள்ளவற்றின் பெயர்களை வரிசையாகக் காட்டும். இன்னோர் எழுத்து, டேப்பில் உள்ளதை வெளியே எடுத்து இயந்திரத்துக்குள் வைக்கும்.

இவ்வளவையும் கொழும்பில் நடந்த பயிற்சியில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் சொல்லிக்கொடுத்தார். டேப்புகள் இரண்டு. ஒன்று போக, மற்றது வரும். "திரும்பி வருகிற டேப் வெறும் டேப். யோசிக்காமல் மேலே எழுதுங்கள். எழுதிய பிறகு மட்டும் ஒருமுறை பெயர்களைப் பார்த்துச் சரி பிடியுங்கள்" என்று அவர் இரண்டு தரம் சொன்னார். அமராவதி சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். எழுதிய பிறகு சரி பார்க்காமல் ஒரு டேப்பையும் அவள் வெளியே விட்டதில்லை.

யோசிக்க நேரமும் இல்லை என்பது வேறு கதை. கிளிநொச்சிக்கு மின்சாரம் வருவதும் வராததும் அதன் இஷ்டம். கந்தோருக்கு ஒரு ஜெனரேற்றர் இருந்தது. அதன் கயிற்றை அவளே இழுத்து இழுத்து உசுப்ப வேண்டும். கிடைக்கிற டீசலுக்கு அது ஒரு மணித்தியாலம் ஓடினால் பெரிய காரியம். அதற்குள் எழுதி, சரி பார்த்து, இயந்திரத்தை முறையாக உறங்கவைத்து, டேப்பைப் பெட்டியில் போட்டு முடிக்க வேண்டும்.

பெட்டியைக் கொண்டுபோவது திட்டத்தின் பிக்கப் ஓட்டும் வீரகத்தி. நல்ல மனிதர், வாய்தான் ஓட்டை. அவரிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் அது மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக்கடையில் இறங்கி, ஓமந்தையில் ஏறி, வவுனியாவுக்குப் போய்ச் சேரும்போது கை கால் முளைத்திருக்கும். அவர் கடிதமும் கொண்டுபோகமாட்டார்.

"பிள்ளை, கடதாசி ஒண்டும் தராதையும்" என்பார். "ஆமிக்காரன் பிரிச்சுப் பாப்பான். அதில மாமா சுகமோ எண்டு இருந்தாலும், ஆர் அந்த மாமா எண்டு கேட்டு என்னை வெயிலில நிப்பாட்டுவான். டேப் எண்டால் பயமில்லை. காதில வைச்சு ஆட்டிப் பாத்திட்டுத் தந்திடுவான்."

தபாலில் போட்டால் வவுனியாப் பெரியவர் சிற்றம்பலம் கந்தோர்க் கடிதம் எல்லாவற்றையும் தானே உடைத்து வாசிப்பார். ரெலிபோன் கம்பி அறுந்து எத்தனையோ காலம்.

அங்கே டேப்பை வாங்கி இயந்திரத்தில் இறக்குகிற ஆள் யாரென்று அமராவதிக்குத் தெரியாது. வீரகத்தி படலையில் காவல்காரனிடம் கொடுத்துவிட்டு, போன வாரத்து டேப்பை வாங்கி வருகிறவர். "உள்ளுக்கு ஒரு பொம்பிளைதான் எண்டு வாச்சர் சொன்னவன்" என்று ஒருநாள் சொன்னார். அமராவதி அந்த ஒரு வரியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாரம் முழுவதும் வைத்திருந்தாள். தன்னைப் போல ஒருத்தி, தன்னைப் போலவே ஓர் இயந்திரத்தின் முன்னால், தான் அடித்த எண்களையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளி, கிணற்றுக் கோப்புகளோடு அவள் ஒரு சின்னக் கோப்பும் சேர்த்தாள். அந்த இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இங்கிலீசு எழுத்தில் தமிழை உடைத்து உடைத்து அடித்தாள். "வணக்கம். நான் கிளிநொச்சியில டேப் எழுதிற ஆள். இங்க நான் ஒராள்தான். உங்களுக்கு அங்க ஆக்கள் இருக்கினமோ?" அனுப்பிய பிறகு, களவெடுத்தவள் மாதிரி அவசரமாகக் கந்தோரைப் பூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு வெள்ளி கழித்துத் திரும்பி வந்த டேப்பின் வெளியே ஒட்டியிருந்த சீட்டை முதலில் பார்த்தாள். பென்சிலில் வழக்கம்போலத் திகதியும் 'சரி' என்ற ஒரு சொல்லும் மட்டும். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினாள், ஒன்றும் இல்லை. பயந்த பெண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு டேப்பை உள்ளே தள்ளி, இன்னொரு சின்னக் கோப்பும் எழுதினாள். மழை, கத்தரிச்செடி, வீட்டுக்கார வீரம்மாவின் குறட்டை என்று கொஞ்சம் பகிடியும் விட்டாள். அதற்கும் வந்தது 'சரி' மட்டும்.

சித்திரையில் கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. கிளிநொச்சிக் கிளையை ஆனி முடிவில் மூடுகிறார்கள். இயந்திரம் வவுனியாவுக்குப் போகும். விரும்பினால் அமராவதியும் அங்கே வேலைக்குப் போகலாம். விருப்பமில்லாவிட்டால் விலகல் கடிதம் கொடுக்கலாம். அதே வாரம் வீரம்மாவும் ஒரு கதையைத் தொடங்கினாள்.

"நாங்க பேசாலைப் பக்கமா வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போயிரலாம்னு இருக்கோம். வீட்ட வித்தாச்சு. நீயும் வா. அங்க மண்டபத்துல முகாம் இருக்காம், சோறு குடுக்கிறாங்களாம்."

அமராவதிக்கு முகாம் சோறும் வேண்டாம், சங்கிலியின் வீட்டு வாசலும் வேண்டாம். அவளுக்கு வேலை வேண்டும். ஆனால் வவுனியாவில் தனிப் பெண்ணுக்கு யார் அறை கொடுப்பார்கள்? யாரைத் தெரியும்? யோசித்து யோசித்து, மூன்றாவது கோப்பை எழுதினாள். இந்த முறை பகிடி இல்லை. "வவுனியாவுக்கு வேலைக்கு வரச் சொல்லுகினம். தங்க இடம் இல்லை. உங்களுக்குத் தெரிஞ்ச இடத்தில ஒரு அறை கிடைக்குமோ? மறைக்காமல் சொல்லிறன், நான் மலைநாட்டில இருந்து கலவரத்தில வந்த தோட்டத்து ஆள். கலியாணம் செய்யேல்லை. ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கமாட்டன்."

டேப் திரும்பி வந்தது. சீட்டில் 'சரி'.

அவள் அந்த இரண்டு எழுத்தையும் நெடுநேரம் பார்த்தாள். ஆக, விஷயம் அதுதான். இதற்கு முன்பும் எத்தனையோ முறை பட்டதுதான். தோட்டத்துப் பெட்டை என்று தெரியும் வரைக்கும் 'வாங்கோ, இருங்கோ', தெரிந்த பிறகு தண்ணீர்ச் செம்பு வேறு. முகம் தெரியாத ஒருத்தியிடம் போய்க் கையேந்தினோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கேட்டது போதும் என்று முடிவெடுத்தாள். டேப்பை உள்ளே தள்ளி, கிணற்றுக் கோப்புகளை மட்டும் எழுதினாள். சரி பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிகளில் அவள் வவுனியாவுக்கு ஒரு சொல்லும் எழுதவில்லை. வைகாசிக் கடைசியில் விலகல் கடிதத்தைத் தபாலில் போட்டாள். உடனே பதில் வந்தது. வவுனியா வேலைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெடியனை எடுத்தாகிவிட்டதாம். இப்படியான பதில்களுக்கு மட்டும் தபால் கெதியாக ஓடும். வள்ளத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று வீரம்மா சொன்னாள். அமராவதி தன் உடைமைகளை ஒரு பையில் அடுக்கினாள். பை நிரம்பவில்லை.

கடைசி வெள்ளி வந்தது. காலையிலேயே வீரகத்தி பிக்கப்பைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கடைசி டேப்பை எழுதி முடித்ததும் இயந்திரத்தைக் கழற்றி ஏற்ற வேண்டும். அவர் வவுனியாவிலிருந்து கொண்டுவந்த டேப்பைக் கொடுத்துவிட்டு நிழலில் போய் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அமராவதி ஜெனரேற்றரை உசுப்பிவிட்டு வந்து, டேப்பைத் தள்ளி, கட்டளையை அடித்தாள். டேப் ஒருமுறை உறுமி நின்றது. எழுத முடியாது என்று திரையில் பதில் வந்தது. அவள் திரும்ப அடித்தாள். திரும்பவும் அதே பதில்.

டேப்பை வெளியே எடுத்துப் பார்த்தாள். அதன் மூலையில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திருப்பிவிட்டால் யாரும் அந்த டேப்பில் எழுதவோ அழிக்கவோ முடியாது. யாரோ திருப்பிப் பூட்டியிருந்தார்கள். கை தவறிப் பூட்டியிருப்பார்கள் என்று திருகைத் திறக்க நகத்தை வைத்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வவுனியாக் கந்தோர் தன்னுடைய கோப்பு எதையாவது இதில் வைத்திருந்தால்? போகிற நேரத்தில் அழித்த பழி எதற்கு? எதற்கும் பார்த்துவிடுவோம் என்று டேப்பைத் திரும்பவும் தள்ளி, பெயர் காட்டும் எழுத்தைப் போட்டு அடித்தாள். திரும்பி வந்த டேப்பை எழுதுவதற்கு முன்னால் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தது. அதன் பெயர் 'கிளிநொச்சி'.

அவள் அதை வெளியே எடுத்துத் திறந்தாள். இங்கிலீசு எழுத்தில் உடைந்த தமிழ், அவளுடையதைப் போலவே.

"கிளிநொச்சிக்கு. நான் ஒவ்வொரு கிழமையும் இந்த டேப்பில எழுதினதுக்கு உங்களிட்ட இருந்து பதில் இல்ல. முதல்ல கூச்சம் எண்டு நினைச்சன். அறை கேட்டீங்க, என்ட வீட்டுக்கே வாங்க எண்டு பேரையும் இடத்தையும் எழுதினன். அதுக்குப் பிறகு நீங்க எழுதவே இல்ல. சோனக முஸ்லிம் வீட்டில இருக்க உங்களுக்கு விருப்பமில்ல எண்டு விளங்கிச்சு. அதுல பிழை இல்ல, ஊர் வாய் அப்பிடி. எனக்குக் கோவம் ஒண்டும் இல்ல. உம்மா மௌத்தான பிறகு வீட்டில நானும் கோழியும்தான், அதால கேட்டுப் பாத்தன். போன கிழமை அறையை ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒராளுக்குக் குடுத்திட்டன். உங்கட கந்தோர் பூட்டுதாம். இந்த டேப்பால இனி வேலை இல்ல எண்டு நினைச்சுப் பூட்டி அனுப்பிறன், உங்களிட்டயே இருக்கட்டும். சுகமா இருங்க. ஜொஹறா, பட்டாணிச்சூர், வவுனியா."

அமராவதி இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் 'இந்த டேப்பில எழுதினதுக்கு' என்ற சொற்களில் நின்றாள். ஒவ்வொரு கிழமையும். சீட்டையும் உறையையும் துழாவிய ஒவ்வொரு கிழமையும் பதில் அவள் கையில்தான் இருந்திருக்கிறது. அவளே அதை உள்ளே தள்ளி, அவளே கட்டளை அடித்து, அதன்மேல் கிணற்றுத் தண்ணீரை எழுதி அழித்திருக்கிறாள். அழித்தது சரியாக அழிந்ததா என்று பார்ப்பவள் போல, ஒவ்வொரு முறையும் சரியும் பிடித்திருக்கிறாள். உலகத்தில் ஒருத்தி அவளோடு கதைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் ஒருமுறையும் கேட்கவில்லை. கேட்காதது போதாதென்று, அந்த ஒருத்திக்கு அவமானத்தையும் கொடுத்திருக்கிறாள். தான் எதற்காகக் கூசிக் குறுகினாளோ, அதே காரியத்தைத் தானே இன்னொருத்திக்குச் செய்திருக்கிறாள்.

ஜெனரேற்றர் இருமத் தொடங்கியது. அவள் மேசைமேல் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். வெளியே வீரகத்திக்குக் கேட்டிருக்க வேண்டும்; அவர் உள்ளே வரவில்லை. அந்த மனிதர் வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டிருந்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துவிட்டு எழும்பினாள். கடைசி வாரத்துக் கோப்புகள் இயந்திரத்தோடேயே வவுனியாவுக்குப் போகின்றன. அவற்றை டேப்பில் ஏற்றாவிட்டால் குடி முழுகாது. திருகைத் திறக்காமலே டேப்பைத் தன் கைப்பையில் வைத்தாள். இயந்திரத்தை அணைத்து, வயர்களைச் சுற்றி, வீரகத்தியோடு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றினாள். கந்தோர்க் கதவைப் பூட்டித் திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, முன் ஆசனத்தில் ஏறி இருந்தாள்.

"எங்க பிள்ளை?" என்றார் வீரகத்தி.

"வவுனியாவுக்கு."

"வேலையைத்தான் விட்டிட்டீரே. உமக்கு அங்க என்ன அலுவல்?"

"ஒராளைப் பாக்கோணும்."

"ஆரை?"

 அவர் மாங்குளம் வரைக்கும் அதையே விதம் விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்தார். ஓமந்தை தாண்டி ஆமிக்காரர்கள் மறித்தார்கள். ஒருவன் அவளுடைய பையிலிருந்த டேப்பை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தான். அவள் கையை நீட்டியபடி நின்றாள். திருப்பித் தந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டாள். என்ன சொல்வதென்று வழி முழுவதும் யோசித்தாள். அறை இல்லை, வேலை இல்லை. அங்கே போய் ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆனால் தான் வேண்டாம் என்று சொன்னதாக ஒருத்தி நினைத்துக்கொண்டிருக்க, வள்ளம் ஏறிப் போக அவளால் முடியாது.

வவுனியாக் கந்தோரில் கொம்பியூட்டர் அறை பின்பக்கம் இருந்தது. முக்காடிட்ட, மெலிந்த ஒரு பெண் திரைக்கு முன்னால் இருந்து எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கதவடியில் நிழல் விழவும் திரும்பிப் பார்த்தாள்.

"ஆர் வேணும்?"

"ஜொஹறா..."

"நான்தான். நீங்க?"

"கிளிநொச்சி" என்றாள் அமராவதி. தன் பெயரைச் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஜொஹறா எழும்பி நின்றாள். முகம் மலர்ந்தது, உடனேயே வாடியது. "அறையைக் குடுத்திட்டனே. எழுதினன்தானே, நீங்க பாக்கல்லையா?"

"நான் அறைக்கு வரலீங்க." வன்னியில் பழகிய பேச்சு எங்கேயோ போய், தாய் பேசின பேச்சு வாயில் வந்தது. "நீங்க எழுதினது எதையுமே நான் வாசிக்கல. டேப்புக்குள்ள இருக்கும்னு எனக்குத் தெரியல. வெறும் டேப்புன்னு நெனச்சு, வந்த ஒடனே மேல எழுதிட்டேன். இன்னைக்குப் பூட்டியிருந்ததால இது ஒண்ணு மட்டும் தப்பிச்சுது. வேணாம்னு நான் சொல்லவே இல்ல. அத சொல்லத்தான் வந்தேன்."



"எல்லாத்தையுமா அழிச்சீங்க?"

"எல்லாத்தையும்."

"யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஜொஹறா கண்ணாடியைக் கழற்றி முக்காட்டின் நுனியால் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். முற்றத்தில் இயந்திரத்தை இறக்கிவிட்டு வீரகத்தி ஹோர்ன் அடிக்கும் சத்தம் கேட்டது.

"உங்களைத்தான் கூப்பிடுறாங்க போல" என்றாள் ஜொஹறா.

"போகட்டும்" என்றாள் அமராவதி.

ஜொஹறா மூலையில் கிடந்த கதிரையை இழுத்துத் தன் கதிரைக்குப் பக்கத்தில் போட்டாள்.

"அப்ப இருங்க" என்றாள். "முதல் கிழமை எழுதினதில இருந்து சொல்றன்."